பேரி மரம் வரைக்கும்

என் மனைவி அழகம்மாவின் டிராக்டர், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கீழே, மரக்கறிக் காணியின் ஓரத்தில், ஒரு தகரக் கொட்டிலுக்குள் நிற்கும். டிராக்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு சக்கரம், முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைப்பிடிகள், அவ்வளவுதான். உட்கார இடம் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். கொழுந்து எடுப்பதை விட்டு நின்றபோது கிடைத்த பணத்தில், யாரோ ஓட்டிக் கழித்ததை அவள் வாங்கினாள். பெண்பிள்ளை மெசின் வாங்குகிறாள் என்று மேல்லயம் கீழ்லயம் எல்லாம் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அவள் சட்டை செய்யவில்லை.

நான் அந்தத் தோட்டத்தின் தபால்காரனாக இருந்தவன். நானுஓயாவிலிருந்து தபால் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதும், வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவதுமாக என் வேலைக்காலம் போயிற்று. மெசின் விஷயத்தில் எனக்கு இருந்த பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: சுடுதண்ணீர். பனி கொட்டிய காலையில் எஞ்சின் விறைத்துக் கிடக்கும். அழகம்மா கொட்டிலிலிருந்து சத்தம் போடுவாள். நான் கேத்தலோடு ஓடுவேன். எஞ்சின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் அதை ஊற்றுவாள். ஆவி எழும்பி முகத்தை மறைக்கும். பிறகு இடது கையால், உள்ளே காற்று இறுகாமல் விடுகிற ஒரு சின்ன நெம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் இரும்பு ஹேண்டிலைச் சுற்றுவாள். வேகம் வந்ததும் நெம்பை விடுவாள். டும் என்று ஒரு தடவை, கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு தடவை, அப்புறம் விடாமல் டும் டும் டும் என்று பிடித்துக்கொள்ளும். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

காணியின் நடுவில் ஒரு பேரி மரம் நிற்கிறது. உழுதுகொண்டே அந்த மரத்தடிக்கு வந்ததும் அவள் எஞ்சினை நிறுத்துவாள். பக்கத்து வீட்டு வேலாயி ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவாள். அந்தக் காணியை இரண்டு பேரும் பங்குக்குச் செய்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, யாரைப் பற்றியெல்லாம் பேச வேண்டுமோ அவர்களைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மற்றப் பாதி.

ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அழகம்மா மெசினைக் கழுவித் துடைத்து, குனிந்து, முன்விளக்கில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். கடைசி வருஷம் அவளால் குனிய முடியவில்லை. வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்மார் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம். பூசையன்று நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மெசினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வேலாயி கெட்டியாகச் சந்தனம் உரைத்துக் கொடுத்தாள். விளக்கு அவளுக்கு எட்டவில்லை. நான் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். உட்கார்ந்தபடியே கை எட்டிய இடத்தில், டீசல் டேங்கின் மூடி மேல், பெருவிரலால் அழுத்திப் பெரிய பொட்டாக வைத்தாள். அதன் நடுவில் குங்குமம். அது கொஞ்சம் ஒரு பக்கமாகப் போயிற்று.

கார்த்திகையில் அவள் போய்விட்டாள்.

பூசையில் வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை. அதுவாகக் காய்ந்து உதிரும்வரை விட்டுவிடுவார்கள். கொட்டிலுக்குள் மழை படாததால் இந்தப் பொட்டு உதிரவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவளுடைய விரல் ரேகை தெரியும். நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன்.

மாசி பிறந்ததும் விதைக் கிழங்கு முளைவிடத் தொடங்கியது. அழகம்மா இருக்கும்போதே சொல்லி வைத்திருந்த விதை அது. தட்டுத் தட்டாக அடுப்படிப் பரணில் பரப்பியிருந்தோம். முளை ஊதா நிறத்தில் வெளியே வந்துவிட்டால் அப்புறம் அது காத்திருக்காது. மண்ணுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிப் போகும். என்னாலும் வேலாயியாலும் அந்தக் காணி முழுவதையும் மண்வெட்டியால் கொத்த முடியாது.

அந்த நேரத்தில்தான் மகன் கிஷாந்த் கொழும்பிலிருந்து போன் செய்தான். அவன் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. அம்மா போன நாளிலிருந்து நான் தனியாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வலப்பனையில் ஓர் ஆள் பழைய டிராக்டர் தேடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். நான் இந்தப் போகம் உருளைக்கிழங்கு போடப்போவதாகச் சொன்னேன்.

"சரிப்பா," என்றான். "மெசின் ஓடுனா வச்சிக்கிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஓடலேன்னா குடுத்துட்டு எங்களோட வந்துருங்க. அங்க தனியா ஒக்காந்துகிட்டு அம்மா சாமானையே பாத்துகிட்டு இருக்காதீங்க."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

உண்மையில் அதற்கு இரண்டு வாரம் முன்பே நான் மெசினை வெளியே எடுத்துப் பார்த்திருந்தேன். படுக்கையில் விழுவதற்கு முந்திய போகத்தில் அழகம்மா எனக்கு அதை ஓட்டப் பழக்கியிருந்தாள். கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் நானே ஊற்றினேன். நெம்பைப் பிடித்துச் சுற்றினேன். நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆயிற்று. வேலாயி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். முதல் சாலில் இறக்கினேன். பேரி மரத்துக்குக் கிட்டப் போனதும் சத்தம் மெலிந்தது. முக்கியது. மரத்தடியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். டீசல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தேன். பொட்டில் கை படாமல் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகினேன். திறக்கும்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே பாதிக்கு மேல் டீசல் இருந்தது. மூடிவிட்டுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. திரும்பவும் கொஞ்சம் ஓடி நின்றது.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கி வைக்கும்போது அழகம்மா ஒரு மூச்சு விடுவாள். அது மாதிரியே இருந்தது.

முதலில் வந்தவன் நிரோஷன், மரக்கறி லொறி ஓட்டுபவன். டீசல் இருக்கிறதா பாருங்கள் என்றான். நான் திறந்து பார்த்து, இருக்கிறது என்று சொல்லி மூடினேன். அவன் ஃபில்டரைக் கழற்றினான். கறுப்பாக இருந்ததை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினான். கழுவிப் பூட்டிச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தேத்தண்ணி குடித்தான், எனக்கு அறிவுரை சொன்னான், போனான். அவனுடைய லொறி வளைவு திரும்புவதற்குள் மெசின் நின்றுவிட்டது.

அடுத்து மாயாண்டி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் டீசலைப் பார்க்கச் சொன்னார், நானும் திறந்து பார்த்தேன். டீசலைத் தெளிக்கும் ஊசியைக் கழற்றி, சுத்தம் செய்து, இனிப் பேரன் காலம் வரைக்கும் ஓடும் என்று சொன்னார். ஸ்டார்ட் ஆயிற்று. அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். அவர் போனதும் நின்றது.

"இவங்க தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் ஓடுது," என்றாள் வேலாயி. "கோப்பைய கழுவி வைக்கிறதுக்குள்ள நிக்குது. மெசினுக்கு வெக்கம், வெளியாளுக்கு முன்னால நிக்க மாட்டேங்குது."

எப்படித்தான் ஓடினாலும் அது பேரி மரத்தைத் தாண்டவில்லை. சில நாள் மரத்துக்கு நாலு முழம் முன்னால் நின்றது. சில நாள் சரியாக மரத்தடியிலேயே நின்றது. லயத்தில் பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒரு நாள் மரத்தடியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேலாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"அக்கா நிப்பாட்டுற எடம் அண்ணே இது. அதுக்குத் தெரியாதா? எத்தன வருசம் பழக்கி வச்சிருக்கு. இங்க வந்து தேடுது, ஆளக் காணோம், நின்னுருது."

நான் அவளை மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எஞ்சினுக்கு மனம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுற்றும்போது பிடிக்காமல் போகும் ஒவ்வொரு தடவையும், அவளைத் தேடுகிற இன்னொரு ஜீவன் இங்கே இருக்கிறது என்று ஓர் ஆறுதல் வந்தது. பரணில் கிழங்கு முளை நீண்டுகொண்டிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

லாபிர் நானாவைக் கூப்பிட்டது வேலாயிதான். நுவரெலியா டவுனில் மெசின் சாமான் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அழகம்மாவுக்கும் அவருக்கும் பல வருஷத்துச் சண்டை. எஞ்சின் பெல்ட் வாங்கப் போனால் அவள் அதை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள். இது பழைய ரப்பர் நானா, உங்க கல்யாணத்துக்கு முந்தி செஞ்சது என்பாள். அவர், தங்கச்சி நீங்க பெல்ட் வாங்க வந்தீங்களா கறிவேப்பிலை வாங்க வந்தீங்களா என்பார். கடையில் நிற்பவர்கள் வந்த காரியத்தை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவள் செத்த வீட்டுக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும், வெள்ளைச் சட்டையோடு அப்படியே த்ரீவீல் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் நட்டுக் கழற்றும் சாவிகள் போட்ட பை. மெசின் அந்த நேரம் பேரி மரத்தடியில்தான் நின்றது. காலையில் நின்றதை நான் திரும்பத் தள்ளவில்லை. வேலாயி அவரிடம் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தையும் மரத்துக் கதையையும் விரிவாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் கேட்டுக்கொண்டே எஞ்சினைச் சுற்றி வந்தார். கடைசியில், தங்கச்சி, நீங்க சொன்னத நான் கேட்டேன், இனி மெசின் சொல்றதயும் கொஞ்சம் கேக்கட்டுமா என்றார்.

முதலில் அவர் நெம்பைத் தொடாமல் ஹேண்டிலை மட்டும் மெதுவாகச் சுற்றினார். பாதியில் அது உதைத்துக்கொண்டு திரும்பி வந்தது. உள்ளே காற்று நன்றாக இறுகுகிறது, எஞ்சின் தேயவில்லை என்றார். பிறகு நெம்பைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றினார், என்னைப் புகைக்குழாயைப் பார்க்கச் சொன்னார். ஒரு துளிப் புகைகூட இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். டீசல் உள்ளே போயிருந்தால் பற்றாவிட்டாலும் வெள்ளையாகப் புகை வர வேண்டுமாம். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை.

குந்தி உட்கார்ந்து, டேங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் குழாயின் அடி நட்டைத் தளர்த்தினார். டீசல் மெலிசாக வழிந்தது. சொட்டாயிற்று. நின்றுவிட்டது. குழாய் முனையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"டேங்குல டீசல் இரிக்கா பாருங்க," என்றார்.

எல்லோரும் கேட்கிற அதே கேள்வி. நான் போய், விளிம்பைப் பிடித்து மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்றது. அதே நேரத்தில் கீழே அவர் கையில் இருந்த குழாயிலிருந்து டீசல் பீறிட்டு வந்து வெள்ளைச் சட்டைக் கையை நனைத்தது. அவர் கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?"

எப்போதும் வருகிற சத்தம்தான் என்றேன்.

"எப்பவுமா? நிரோஷன் வந்தப்பவும் இரிந்திச்சா? மாயாண்டி அண்ணன் வந்தப்பவும்?"

ஆமாம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. மூடியை இறுக்கி மூடச் சொன்னார். டீசல் கொஞ்ச நேரம் ஓடி, மெலிந்து, நின்றது. திறக்கச் சொன்னார். ஓடியது. இன்னொரு தடவை மூடச் சொல்லி, இன்னொரு தடவை திறக்கச் சொன்னார். வேலாயி வாயைத் திறந்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபுடிச்சாச்சு," என்று குழாய் நட்டை இறுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே எழும்பினார். "டேங்குக்கும் மூச்சு வேணும் அண்ணன். டீசல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து போகணும். போகாட்டி, கொட்டில்லேருந்து இந்த மரத்துக்கு வாறதுக்குள்ள டீசல் எறங்காம உள்ளுக்கே தொங்கிக்கிட்டு நிக்கும். வந்தவங்க எல்லாரும் மூடியத் தொறக்கச் சொல்லி இரிக்காங்க, காத்து போயிருக்கு, மெசின் ஓடியிருக்கு. தாங்க திருத்தினதா நெனச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் காத்துக்குத்தான் மூடிக்கு நடுவுல சின்னதா ஒரு ஓட்ட..."

மூடி என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கிவிட்டது.

"இத யாரு வச்சது?" என்று கேட்டார்.

"அக்காதான்," என்றாள் வேலாயி. "கடேசி பூசைக்கி."

அவர் பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்து முடித்த கையையே திரும்பத் துடைத்தார். நிரோஷனும் மாயாண்டியும் ஏன் அதைக் கவனிக்கவில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. அவர்கள் மூடியைப் பார்த்தபோது பொட்டைத்தான் பார்த்தார்கள். வைத்தவள் யார் என்று தெரிந்தவர்கள். யாருக்கு அதில் கை வைக்க மனம் வரும்.

லாபிர் நானா பேரி மரத்தின் வேரில் உட்கார்ந்தார்.

"கடையில இதே அளவுல வேற மூடி இரிக்கு," என்றார். "நாளக்கி காலையில குடுத்தனுப்புறேன். ஞாயித்துக்கெழம மகன் வாறதுக்கு முந்தி மெசின் ஓடும். இத நீங்க கழுவ வேணாம், சொரண்ட வேணாம். அப்பிடியே எடுத்துட்டுப் போய் அவங்க படத்துக்கிட்ட வச்சிக்கோங்க அண்ணன்."

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். மூடியைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவன், வேறொன்றை நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம், நாற்றுப் பாத்தியில் முட்டைக்கோவா முளைத்து இரண்டு இலை விட்டிருந்த நேரம், கடும் பனி வரப்போகிறது என்று பேச்சு வந்தது. பொழுது சாய்வதற்குள் அழகம்மா வீட்டிலிருந்த சாக்கு, படங்கு எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பாத்தியை மூடினாள். ஓர் ஓரத்துக்குப் போதவில்லை. பெட்டியைத் திறந்து அவளுடைய கூறைச் சேலையை எடுத்தாள். நான் பதறிப்போய்த் தடுத்தேன். கல்யாணத்தன்று கட்டியது, மண்ணில் போடுகிறாயே என்று கத்தினேன். அவள் பாத்தியில் மண்டியிட்டு அதை விரித்துக்கொண்டே சொன்னாள்:

"பொட்டிக்குள்ள கெடந்தா அதுக்கு என்னா தெரியும்? இன்னிக்கி ஒரு நாளு குளிர தாங்கட்டும். நம்ம கல்யாணம் சேலைலயா இருக்கு?"

காலையில் மற்ற லயத்துக்காரர்களின் நாற்று கருகிக் கிடந்தது. எங்களுடையது பச்சையாக நின்றது. சேலையில் பனி உருகி, கரை ஓரத்தில் சாயம் ஊறிவிட்டது. அவள் அதை அலசிக் காயப்போட்டாள். அந்தச் சேலையோடுதான் அவளை அனுப்பினோம்.

வேலாயியைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்க் கோணி ஊசியை எடுத்துவரச் சொன்னேன். மரக்கறி மூட்டை தைக்கிற ஊசி. அழகம்மா அதைக் கதவு நிலையில் குத்தி வைத்திருப்பாள், இப்போதும் அங்கேதான் இருந்தது. வேலாயி கொண்டுவந்து கொடுத்தாள். லாபிர் நானா எழும்பி, யோசிச்சுச் செய்யுங்க அண்ணன் என்றார். அவசரமில்லை, நாளைக்கு வேறு மூடி வந்துவிடும் என்று இன்னொரு தடவை சொன்னார்.

"அவ கேட்டா சிரிப்பா நானா," என்றேன். "மெசின நிப்பாட்டிப் போட்டுட்டு மூடியப் பாத்துகிட்டு இருந்தீங்களான்னு கேப்பா."

ஊசி முனையைக் குங்குமத்தின் நடுவில் வைத்தேன். முதலில் இறங்கவில்லை. அழுத்தியபோது 'டிக்' என்று பொட்டு இரண்டாக வெடித்தது. ஒரு துண்டு தானாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. விரல் ரேகை அந்தத் துண்டில்தான் இருந்தது. மற்றதை மெல்லச் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதற்குள்ளும் சந்தனம் இறுகிக் கிடந்தது. குத்தி எடுத்து, உதட்டில் வைத்து ஊதினேன். காற்று மறுபக்கம் போயிற்று. வாயெல்லாம் டீசல் நாற்றமும் சந்தன வாசமும்.

உள்ளங்கையில் கொஞ்சம் சந்தனப் பொடியும் அந்தத் துண்டும் சேர்ந்து கிடந்தன. இறைக்க மனமில்லை. வேலாயி ஃபிளாஸ்க்கைக் கழுவ வைத்திருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, பெருவிரலால் தேய்த்தேன். துண்டும் கரைந்தது. அதை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். துடக்கு வருஷம், கோயிலுக்குப் போகாத வருஷம். கார்த்திகைக்குப் பிறகு என் நெற்றியில் பட்ட முதல் சந்தனம் அதுதான். குளிர்ந்தது. மிச்சத்தை வேலாயி ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து வழித்தெடுத்துக்கொண்டு போய், வருஷா வருஷம் வைக்கிற இடத்தில், மெசினின் முன்விளக்கில் பூசினாள். அவள் முதுகு என் பக்கம் இருந்தது. அழுகிறாள் என்று தோள் சொன்னது.

லாபிர் நானா மூடியை வாங்கிப் பூட்டி, குழாய்க்குள் புகுந்திருந்த காற்றை வெளியே விட்டு, விலகி நின்றார்.

"நீங்க சுத்துங்க," என்றார்.

சுடுதண்ணீர் இல்லையே என்றேன். வெயில் ஏறிவிட்டது, தேவையில்லை என்றார். நெம்பைப் பிடித்தேன். முதல் தடவை என் கை வேகம் போதவில்லை. இரண்டாவது தடவை புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எட்டிப் பார்த்தது. லாபிர் நானா அதற்கே கை தட்டினார். மூன்றாவது தடவை நெம்பை விட்டதும் டும் என்றது. கொஞ்சம் யோசித்தது. இன்னொரு டும். பிறகு பிடித்துக்கொண்டது.

மெசினைத் திருப்பிக் கொட்டிலடிக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து சால் பிடித்தேன். வேலாயி தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றிவிட்டுக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். லாபிர் நானா டீசலில் நனைந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண் ஈரமாகப் புரண்டுகொண்டு வந்தது. பேரி மரம் கிட்ட வந்தது. சத்தம் மெலியும் என்று காது எதிர்பார்த்தது. மெலியவில்லை. மரத்தின் நிழல் மெசின் மேல் விழுந்தது, பிறகு என் மேல் விழுந்தது, பிறகு பின்னால் போயிற்று.

நின்றிருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, நினைத்தேன். அடுத்த கணம் கால் மண்ணில் புதைந்து தடுமாறியதில் அது போய்விட்டது. காணியின் கடைசிவரை போய்த் திரும்பினேன். வேலாயி அங்கிருந்து தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்திக் காட்டி, நிப்பாட்ட மாட்டீங்களா அண்ணே, ஆறிப்போவுது என்று கத்தினாள். அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மரத்தடியில் மெசினை நானே நிறுத்தினேன். தேத்தண்ணி குடித்தோம். லாபிர் நானா என்ன கேட்டும் கூலி வாங்கவில்லை. அழகம்மா தன் கடைப் பெல்ட்டை மோந்து பார்த்த கதையை முதலிலிருந்து சொன்னார். எங்களுக்குத் தெரிந்த கதைதான், முழுவதும் கேட்டோம். போகும்போது, கெழங்கு தோண்டுனா எனக்கு ஒரு மூட்ட, மோந்து பாத்துத்தான் எடுப்பேன் என்றார்.

அதற்குப் பிறகு கிஷாந்துக்குப் போன் செய்தேன். மெசினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து, போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கடைச் சந்தடியில் அவன் எவ்வளவு நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியாது. நான் போனைக் காதில் வைத்தபோது அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"வலப்பன ஆள வர வேணாம்னு சொல்லிடுறேன்," என்றான். "நான் மட்டும் வாறேன்பா. கெழங்கு போட ஆள் வேணுமில்ல."

மாலைக்குள் பாதிக் காணிக்கு மேல் உழுதுவிட்டேன். வெளிச்சம் போவதற்குள் இன்னும் இரண்டு சால் போட்டுவிடலாம் என்று டீசல் பார்க்க நிறுத்தினேன். பழக்கத்தில் மூடியின் விளிம்பை மட்டும் பிடித்தேன். பிறகு கையை மாற்றி, மூடியை முழுவதுமாக உள்ளங்கையால் பொத்திப் பிடித்துத் திருகினேன். சூடாக இருந்தது. காதைக் கொஞ்சம் தாழ்த்தினேன்.

ஒரு சத்தமும் வரவில்லை. டீசலை ஊற்றி, மூடினேன்.